அதே இனம்தான் சார்

"இது காஸ்பியன் கடல் சரக்கா?" என்று எங்கள் ஹோட்டலில் கேவியர் (உப்பிட்ட ஸ்டர்ஜன் மீன் சினை) கேட்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். "அதே இனம்தான் சார்" என்றேன். பொய் இல்லை. இரண்டு மாதமாக இந்தப் 'பொய் இல்லை'யைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

டப்பாவை ஐஸில் வைத்து, முத்துச்சிப்பிக் கரண்டியோடு கொண்டுபோனவனே நான்தான். (வெள்ளிக் கரண்டி பட்டால் கேவியரில் உலோக வாடை ஏறிவிடும்.) மூடியில் ஒட்டியிருந்த சீட்டையும் படித்திருந்தேன். 'ஜியுஇ' என்றால் ரஷ்ய ஸ்டர்ஜன், ஒசேத்ரா என்ற கேவியர் வகையைத் தரும் மீன். அடுத்து 'சி': பண்ணையில் வளர்ந்தது. கடலிலோ ஆற்றிலோ பிடித்ததாக இருந்தால் அந்த இடத்தில் 'டபிள்யூ' இருக்கும். அதற்கடுத்து 'சிஎன்', அதாவது சீனா. 1998-இல் ஸ்டர்ஜன் இனம் முழுவதும் அழிந்துவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் வந்தது. கள்ளச் சரக்கைத் தடுக்கப் பிறகு வந்ததுதான் இந்தச் சீட்டு. எல்லாம் தெரிந்தும், அவர் ஊரைக் கேட்டார், நான் குலத்தைச் சொன்னேன்.

"சின்ன வயசுல அந்தக் கரையில வேலை பார்த்தேன்" என்றார். புறங்கையில் கொஞ்சம் வைத்து, நாக்கால் எடுத்து, மேலண்ணத்தில் அழுத்தினார். கண்ணை மூடினார். "அதேதான்" என்றார். அதற்குப் பிறகு எப்படி வாய் திறப்பது?

பண்ணைச் சினை ஒன்றும் மட்டமில்லை. காஸ்பியனில் போய்ச் சேரும் வோல்கா ஆற்றில் அணை கட்டி, மீன் முட்டையிடப் போகும் வழியை அடைத்தார்கள். மிச்சத்தைத் திருட்டு வலை அள்ளியது. மிஞ்சிய மீன் ஆற்றில் இருக்கட்டும் என்றால் பண்ணைதான் வழி. ஒரு பெண் மீன் சினை பிடிக்க எட்டு, பத்து வருடம் ஆகிறது. அத்தனை வருடம் தீனி போட்டுக் காத்திருந்து, சினையை நசுங்காமல் சலித்து, மூன்று நான்கு சதவீதம் உப்பு மட்டும் சேர்க்கிறார்கள். நானே ருசித்திருக்கிறேன், உப்பு அடங்கிய பிறகு, வறுத்த பருப்பு மாதிரி ஒரு மணம் நிற்கும்.

இவ்வளவு மதிப்பு வைத்திருப்பவன் அதை அவரிடமே சொல்லியிருக்கலாமே? இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறேன். அவர் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்றா வாயை மூடினேன், பில்லை நினைத்தா? முதலாவது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் பதில் சொன்னது அவர் கண்ணை மூடுவதற்கு முன்பல்லவா?

பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவன், புதிதாகச் சேர்ந்த பையன். மறுநாள் வேறொரு டேபிளில் "ஆமா சார், காஸ்பியன்" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன்.

"நேத்து நீங்க சொன்னதுதானே அண்ணே?"

"நான் இனம்னுதான்டா சொன்னேன்."

"அவருக்கு அப்படியா அண்ணே கேட்டுச்சு?"

இப்போதெல்லாம் டப்பாவோடு மூடியையும் கொண்டுபோய், சீட்டு விருந்தாளி பக்கம் இருக்கும்படி வைக்கிறேன். இதுவரை யாரும் அதை எடுத்துப் படிக்கவில்லை. நானாகச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.