அம்மாவின் பெட்டியும் ஏழு நாள் கணக்கும்

விமான நிலைய பெல்ட்டிலிருந்து அம்மாவின் பெட்டியைத் தூக்கி இறக்கி வைத்தேன். நிற்கவில்லை. ஒரு பக்கம் சரிந்து என் கால்மேல் விழுந்தது. புரட்டிப் பார்த்தால், நான்கு சக்கரங்களில் ஒன்று இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. சக்கரம் மட்டும் கழன்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அது பொருந்தியிருந்த குழியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ஓட்டையின் விளிம்பிலிருந்து மூலைவரை ஒரு விரிசல். உள்துணி கிழிந்து, பெரியம்மா வாங்கிக் கொடுத்த சேலையின் மாம்பழ நிறக் கரை வெளியே எட்டிப் பார்த்தது.

சேலம் பக்கத்துச் சொந்தங்களைப் பார்த்துவிட்டு சென்னையிலிருந்து கோலாலம்பூர் வந்து இறங்கியிருந்தோம். காலை ஏழு மணி. எட்டரைக்கு ஈப்போ பஸ். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு என் மச்சான் காரோடு வருவதாக ஏற்பாடு. அம்மா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “விடுய்யா, பஸ்சு போயிரும். பெட்டிதானே, கயிறு போட்டுக் கட்டிக்கலாம்” என்றார்.

அம்மா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நிறுவைக் கொட்டகையில் கிராணி (கணக்கர்) எழுதிய எடையை அவர் ஒருநாளும் எதிர்த்துக் கேட்டதில்லை. குறைவாகத் தெரிந்தாலும் வாளியைக் கழுவிக்கொண்டு லயத்துக்கு வந்துவிடுவார். இப்போது அதே வட்டாரத்தில் செம்பனை ஆலை அலுவலகத்தில் நான் கிராணி. எடை, பில், புகார், பதில் என்று நாள் முழுக்கத் தாளோடுதான் வேலை. எழுதாத எடைக்குக் காசு கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் “பஸ் போனா போகட்டும்மா, அடுத்த பஸ் இருக்கு” என்று சொல்லி அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

பயணப்பெட்டி வரும் கூடத்திலேயே, சுங்கச் சோதனையைத் தாண்டுவதற்கு முன், பேக்கேஜ் முகப்பு இருக்கும். வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே வருவது பெரிய பாடு. முகப்பில் இருந்த மலாய்ப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் முதல் வார்த்தையே “ரோடா தாக் கவர், என்சிக்” என்று வந்தது. சக்கரத்துக்கு நஷ்டஈடு கிடையாதாம், அது தேய்மானமாம். நான் வாதாடவில்லை. “கிடைக்குமா கிடைக்காதா என்பதை உங்கள் தலைமையகம் சொல்லட்டும், உடைந்து வந்தது என்பதை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுங்கள்” என்றேன். அவரும் எழுதினார். அந்தத் தாளுக்கு பி.ஐ.ஆர் என்று பெயர். மேலே ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். முதல் மூன்று எழுத்து விமான நிலையம், அடுத்த இரண்டு விமான நிறுவனம். பிறகு எந்தக் கடிதம் எழுதினாலும் இந்தக் குறியீட்டை வைத்துத்தான் தேடுவார்கள்.

தாளில் “சக்கரம் சேதம்” என்று மட்டும் போட்டிருந்தார். பெட்டியின் ஓடும் உடைந்திருப்பதைக் காட்டி, அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். இரண்டு வார்த்தைதான், பின்னால் அதுதான் கைகொடுத்தது. அங்கேயே நின்று படமும் எடுத்தேன்: முழுப் பெட்டி, ஓட்டை, விரிசல், கைப்பிடியில் ஒட்டியிருந்த டேக். வீட்டுக்கு வந்ததும் டேக்கைக் கிழித்துப் போடுவது நம் எல்லாருக்கும் பழக்கம். விவகாரம் முடியும்வரை அதைத் தொடக்கூடாது. போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் துண்டும் அப்படித்தான்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது இன்னொரு சேதம் தெரிந்தது. சேலைகளுக்கு நடுவே வைத்திருந்த பித்தளைக் குத்துவிளக்கின் உச்சியில் அன்னம் கழுத்து மடங்கிக் கிடந்தது. அம்மா அதைக் கையில் எடுத்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அது பாட்டி வீட்டு விளக்கு.

அன்று இரவே உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். வெளிநாட்டு விமானப் பயணத்தில் பெட்டி சேதமானால் அடிப்படைச் சட்டம் 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை. மலேசியாவும் இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒப்படைத்த பெட்டி விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது சேதமானால் அவர்கள் பொறுப்பு என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. பெட்டியிலேயே முன்பே இருந்த குறையாலோ அதன் தரத்தாலோ சேதம் வந்திருந்தால், அந்த அளவுக்குப் பொறுப்பில்லை. சக்கரத்தைப் பற்றியோ கைப்பிடியைப் பற்றியோ அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. 31-ஆவது பிரிவுதான் நமக்கு முக்கியம். சேதத்தைப் பற்றிய புகாரை, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஏழு நாள் என்றால் நாட்காட்டிக் கணக்கு; ஞாயிறும் பொது விடுமுறையும் அதில் சேர்த்தி. பெட்டி தாமதமாக வந்ததற்கான புகார் என்றால் 21 நாள். ஏழு நாளைத் தவறவிட்டால் வழக்குப் போடும் வழியும் அடைபட்டுவிடும். புகாரை நேரத்தில் கொடுத்திருந்தால் வழக்குக்கு இரண்டு வருடம்வரை இடமுண்டு.

முகப்பில் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கும் இந்த ஏழு நாள் உண்டு. நல்ல நிலையில்தான் பெட்டியை வாங்கிக்கொண்டீர்கள் என்று அவர்கள் பக்கம் ஓர் அனுமானம் இருக்கும். அதை உடைக்கும் ஆதாரம் நம் கையில் வேண்டும், அவ்வளவுதான். பேசாமல் விட்டுவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு ஒன்று இருக்கிறது. எஸ்.டி.ஆர் என்ற, பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகில் அதைச் சொல்வார்கள். 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1519. நம் காசில் எட்டாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் வரும். அது மேல்வரம்புதான். உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று காட்டுகிறோமோ அதற்குத்தான் பணம்.

நான்காவது நாள் மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று பத்திதான். எந்தப் பயணம், எந்த டேக், பி.ஐ.ஆர் குறியீடு என்ன என்பது முதல் பத்தி. என்ன உடைந்தது என்பது இரண்டாவது. விளக்கையும் அதில் சேர்த்தேன். கேட்கும் தொகை மூன்றாவது. கோபத்தை ஒரு வரியில்கூட காட்டவில்லை. ஆலையில் எனக்கு வரும் புகார்க் கடிதங்களில் திட்டித் தீர்ப்பவை அடியில் போய்விடும். எண்ணும் தேதியும் உள்ளவைதான் மேசையில் நிற்கும்.

பெட்டி வாங்கிய ரசீது கிடைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஈப்போவில் கார்டில் வாங்கியது. வங்கிக் கணக்கு அறிக்கையைப் பின்னோக்கித் தேடினால் 389 வெள்ளி, கடையின் பெயர், தேதி எல்லாம் இருந்தது. அதையே இணைத்தேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. சக்கரம் வழக்கமான தேய்மானத்தில் சேரும், வருந்துகிறோம் என்று நாலு வரி. பெட்டியின் ஓடு உடைந்ததைப் பற்றி மூச்சே இல்லை. முகப்புப் பெண் எழுதிக் கொடுத்த அந்த இரண்டு வார்த்தையைக் காட்டிப் பதில் எழுதினேன். கூடவே ஒரு படமும் அனுப்பினேன். சென்னை விமான நிலைய வாசலில் பெரியம்மா பேரப்பிள்ளைகளோடு அம்மாவை நிறுத்தி எடுத்த படம். எல்லாருக்கும் முன்னால் அந்த நீலப் பெட்டி, நான்கு சக்கரமும் முழுசாக, நிமிர்ந்து நிற்கிறது. அன்புக்காக எடுத்த படம் ஆதாரமாகிவிட்டது. இனி எந்தப் பயணமானாலும் பெட்டியை ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். செக்கின் முகப்பில் சில நேரம் டேக்கில் “ஏற்கெனவே சேதம்” என்று குறித்துக் கையெழுத்துக் கேட்பார்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பின்னால் நம் வாய் அடைபட்டுப் போகும்.

அடுத்து, பழுது பார்க்க முடியுமா என்று கடைக்காரரின் கடிதம் கேட்டார்கள். ஈப்போவில் பெட்டி பழுது பார்க்கும் தவுக்கே (கடை முதலாளி) ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கட்டைவிரலால் விரிசலை அழுத்தினார். அது மேலும் ஓர் அங்குலம் ஓடியது. சக்கரம் மாற்றலாம், ஆனால் திருகாணி பிடிக்க ஓடு இல்லையே என்று சொல்லி, கடைத் தாளில் முத்திரை குத்தி எழுதிக் கொடுத்தார். பத்து வெள்ளி கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

விமான நிறுவனம் நியாயமான பதில் தராவிட்டால் அடுத்த படி இருக்கிறது. பயணிகள் பாதுகாப்புக்கென்று 2016-இல் மலேசியாவில் ஒரு விதித்தொகுப்பு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டது மாவ்கோம் என்ற மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம். 2025 ஆகஸ்டு 1 முதல் அது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான காம்-உடன் இணைந்துவிட்டது. முதலில் விமான நிறுவனத்திடம் புகார் கொடுக்க வேண்டும். முடித்துத் தர அவர்களுக்கு 30 நாள். அதற்கு மேல் ஆணையத்திடம் போகலாம். என் மூன்றாவது கடிதத்தில் இதை ஒரு வரியில் குறிப்பிட்டேன்.

முடிவு நாற்பத்தோராம் நாள் வந்தது. வருடத்துக்கு 10 விழுக்காடு தேய்மானம் கழித்து 311 வெள்ளி 20 காசு. விளக்குக்கு ஒன்றும் இல்லை. சரியாகப் பொதியவில்லை என்றார்கள். எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை. ஐந்து சேலை சுற்றி வைத்த பொருளை அதற்கு மேல் எப்படிப் பொதிவது? ஆனால் அம்மா போதும் என்றார், நிறுத்திக்கொண்டேன். அன்னத்தின் கழுத்தை ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒருவர் சூடு காட்டி நிமிர்த்திக் கொடுத்தார். கோடு ஒன்று தெரியும், விளக்கு எரியும்போது தெரியாது.

அப்புறம் புதுப் பெட்டி. இந்த முறை தவுக்கேயிடமே கேட்டேன். உடைந்த பெட்டி ஏபிஎஸ் பிளாஸ்டிக். விறைப்பாக இருக்கும், விலை குறைவு, ஓங்கி அடிபட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் அமுங்கி நிமிரும். கடையில் மூடியின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். உள்ளே போய் அப்படியே திரும்பி வர வேண்டும். பாலிப்ரொப்பிலீனும் அந்த வகைதான், எடையும் குறைவு. நைலான் துணிப்பெட்டி விரிசலே விடாது. ஆனால் மழையில் நனையும், பேனா முனையால்கூட சிப்பை (ஜிப்பை) பிளந்து திறந்துவிடலாம். சிப்பு விஷயத்தில் கடினப் பெட்டியும் அப்படித்தான்.

பெட்டியில் முதலில் போவது சக்கரம்தான். துருத்திக்கொண்டு நிற்கும் நான்கு சக்கரம் எதில் இடித்தாலும் அதுதான் அடி வாங்கும். பாதி உடம்புக்குள் புதைந்த இரண்டு சக்கரம் நீண்ட நாள் உழைக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் இரண்டு சக்கரப் பெட்டியைச் சாய்த்துத்தான் இழுக்க வேண்டும், எடை தோளில் ஏறும். அம்மாவின் வலது தோள் வெட்டுக்கத்தி பிடித்தே தேய்ந்த தோள். ஆகவே நான்கு சக்கரம்தான் வாங்கினோம். சின்னச் சக்கரமாக, முக்கால்வாசி குழிக்குள் அடங்கியதாகப் பார்த்து. உள்துணியின் சிப்பைத் திறந்து சக்கரம் எப்படிப் பிடித்திருக்கிறது என்றும் பார்த்தேன். திருகாணி என்றால் நாளை கழற்றி மாற்றலாம், ரிவெட் அடித்திருந்தால் சிரமம்.

அளவில் ஆசைப்படவில்லை. பெரிய பெட்டி வெறுமனே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். எடை வரம்பில் அது நம் முறுக்கையும் சேலையையும்தான் தின்னும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருப்பது பெரும்பாலான நிறுவனங்களுக்கு ஒத்துவரும். ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் பொதுவாக ஏற்க மாட்டார்கள், தூக்குகிறவர்களின் முதுகும் முதுகுதானே.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயத்தை தவுக்கே சொன்னார். நாம் பெட்டியை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறோம், மற்ற நாளெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் ஸ்டோர் அறையில் கிடக்கிறது. இந்த வெக்கையிலும் ஈரத்திலும் சக்கரத்தைச் சுற்றியுள்ள பாலியூரித்தேன், உபயோகிக்காமலேயே பொடிந்து உதிரும். உள்பூச்சு பிசுபிசுக்கும். உறையைக் கழற்றிவிட்டு, காற்றுப்படும் இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும்.

வீட்டில் தாத்தாவின் தகரப்பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது. ரஜூலா கப்பலில் அவரோடு வந்தது. உடைந்த நீலப் பெட்டியை அம்மா அதன் பக்கத்தில் படுக்க வைத்து, போர்வைகளை அடுக்கிவிட்டார். புதுப் பெட்டி ஹாலில் ஜன்னலோரம் நிற்கிறது. மாதம் பிறந்தால் அம்மா அதை போர்ச்சுக்கு உருட்டிக்கொண்டுபோய், கேட்வரைக்கும் ஒரு நடை, திரும்ப ஒரு நடை தள்ளிவிட்டு, குனிந்து நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பார்க்கிறார்.