யன்னல் குழிக்குள் ஒரு முழங்கை

1990களின் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் உயர்தர வகுப்பை வரலாற்று ஆசிரியர் கொழும்பின் புறக்கோட்டைக்கு அழைத்துச் சென்றார். ஆளுக்கொரு அடிமட்டம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எதற்கென்று சொல்லவில்லை.

பிரின்ஸ் வீதியில், மொத்த வியாபாரக் கடைகளின் நெரிசலுக்கு நடுவே இருக்கிறது ஒல்லாந்தர் கால நூதனசாலை. பழைய காசும் பீங்கானும் பார்க்கும் ஆவலில் உள்ளே நுழையப் போனோம். சேர் தூண்களுக்கு அருகிலேயே மறித்தார். "பிள்ளைகள், பொருட்களைப் பிறகு பார்க்கலாம். முதலில் வீட்டைப் பாருங்கள்."

அடிமட்டத்தின் காரணம் யன்னலடியில் தெரிந்தது. சுவரின் கனத்தை அளக்கச் சொன்னார். அடிமட்டம் போதவில்லை, கையை நீட்டினேன், முழங்கை வரை குழிக்குள் அடங்கிவிட்டது. சுவரில் உள்ளங்கையை வைத்தோம். வெளியே வெயில் கொளுத்தியது, சுவரோ குளிர்ந்திருந்தது. அத்தனை தடித்த சுவரைத் துளைத்து வெக்கை உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்றார் சேர். கூரையின் செங்குத்தான சரிவு பருவமழைக்கு. பின்புற முற்றம் காற்றுக்கு: அங்கே சூடேறிய காற்று மேலே எழ, அறைகள் வழியே புதுக்காற்று வந்து அந்த இடத்தை நிரப்பும். மின்விசிறி இல்லாத காலத்தில் வீடே விசிறியாக இருந்திருக்கிறது. பௌதிகம் எனக்கு அன்றுதான் பிடித்தது.

1692 முதல் 1697 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த தோமஸ் வான் றீ வாழ்ந்த வீடு அது. பிற்காலத்தில் மருத்துவமனையாகவும் பொலிஸாரின் இடமாகவும் இருந்து, கடைசியில் தபாற்கந்தோரானது. "கந்தோர் என்பதே ஒல்லாந்தச் சொல்தான்" என்று சேர் சொன்னபோது நாங்கள் வியந்து நின்றோம். வீட்டில் அப்பா அலுவலகத்தைக் குறிக்கத் தினமும் சொல்லும் சொல் அல்லவா அது! 1977இல் திருத்த வேலைகள் தொடங்கி, 1982இல் நூதனசாலையாகத் திறந்திருக்கிறார்கள். இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பியிருந்தால் நாங்கள் எதை அளந்திருப்போம்?

மாடியின் மரத்தளத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்காமல் நடக்கப் பழகினோம். பீங்கான்களைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் பார்த்தோம். எனக்கு அவை ஒன்றும் நினைவில் இல்லை.

முற்றத்தில் சேர் எங்களைக் கண்மூடி நிற்கச் சொன்னார். மூட்டை சுமக்கும் நாட்டாமைகளின் கூவலும் லொறிகளின் ஹோர்னும் எங்கோ தூரத்தில் கேட்டன. இலைகள் அசைவது பக்கத்தில் கேட்டது.

அன்று முன்வாசலில் குழுப்படம் எடுத்தோம். என்னிடமிருந்த பிரதி இடம்பெயர்வில் போய்விட்டது. யாரிடமாவது இருந்தால் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். இடது பக்கத் தூணோடு சாய்ந்து, அடிமட்டத்தை நெஞ்சோடு பிடித்தபடி நிற்பவன் நான்.