மேட்டூர் நீரைச் சோதிக்கக் கரையோரத்து பாட்டில் போதாது

மேட்டூர் அணையின் பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் பச்சை பூத்து நாறினால், கரையில் நின்றபடி ஒரு பாட்டில் மொண்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம். 93.47 டி.எம்.சி. பிடிக்கும் அணையைப் பற்றி அந்த பாட்டில் சொல்வது மிகக் குறைவு. பாசியைக் காற்று ஒரு கரையில் ஒதுக்கிவிடும். எதிர்க்கரையில் மொண்டால் வேறு விடை வரும்.

எந்த நேரத்தில் எடுத்தோம் என்பதும் முக்கியம். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் இயல்பாகத் தாங்கும் ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம். பாசி மண்டிய இடத்தில் பிற்பகலில் அது 10ஐத் தாண்டலாம், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 9க்கு மேல் ஏறலாம். இரவில் பாசியே ஆக்சிஜனைச் செலவழிப்பதால், விடியும் முன் அதே இடத்தில் மீன் மூச்சுத் திணறும். பகல் 11 மணி அளவை மட்டும் வைத்து 'ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது' என்று எழுதுவது ஏமாற்று வேலை.

உண்மையான சங்கதி ஆழத்தில் இருக்கிறது. குளிர்நாட்டுக் கையேடுகள், ஆழம் போகப் போக மீட்டருக்கு 1 டிகிரி வெப்பம் குறையும் இடத்தில்தான் சூடான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் கலக்காமல் அடுக்காகப் பிரிகின்றன என்கின்றன. நம் வெயிலுக்கு அது பொருந்தாது. 29 டிகிரித் தண்ணீரில் 1 டிகிரி மாறினால் அடர்த்தி மாறும் அளவு, 6 டிகிரித் தண்ணீரில் மாறுவதைவிடப் பல மடங்கு அதிகம். அரை டிகிரி வித்தியாசமே மேல்நீரையும் அடிநீரையும் பிரித்து வைக்கப் போதும். அதனால் மீட்டருக்கு மீட்டர் அளந்தாக வேண்டும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வண்டலிலிருந்து இரும்பு, மாங்கனீசு, பாஸ்பரஸ் எல்லாம் கரைந்து அடிநீரில் சேரும். கீழ்மதகைத் திறந்தால் வெளியேறுவது இந்த நீர்தான், அழுகிய முட்டை வாடையோடு.

பரிசலில் போனால் அது சுழலும், காற்றில் நகரும், கயிறு சாயும். 30 பாகை சாய்ந்தால் 30 மீட்டர் கயிறு விட்டும் உண்மையான ஆழம் 26 மீட்டர்தான். எடை கூட்டுங்கள், இல்லையேல் சாய்வைக் குறித்துக் கணக்கில் கழியுங்கள். சவ்வு வைத்த ஆக்சிஜன் மீட்டர் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தானே தின்றுவிடும். மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்து, எண் நிலைத்த பிறகு குறிக்க வேண்டும்.

மீட்டரைச் சரிபார்க்க, ரசாயனம் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறையை விட்டுவிடாதீர்கள். 300 மி.லி. குப்பியின் அடிவரை குழாயை விட்டு, இரண்டு மூன்று குப்பி அளவு தண்ணீர் வழிந்தோட விடுங்கள். ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் அளவு பொய். மாங்கனீசு சல்பேட், கார அயோடைடு அசைடு இரண்டையும் சேர்த்துக் குலுக்கினால், விடை படகிலேயே ஓரளவு தெரிந்துவிடும்: படிவு பழுப்பானால் ஆக்சிஜன் உண்டு, வெள்ளையாகவே நின்றால் இல்லை.

பாசி எவ்வளவு என்று காட்டும் பச்சையத்துக்கான மாதிரியை வெயில் படாமல் பனிக்கட்டியில் வைத்து அன்றே வடிகட்டுங்கள்.

மாதம் ஒரு தேதி என்று குறித்துக்கொண்டு போவதும் பயன் தராது. கபினியிலிருந்தோ கிருஷ்ணராஜ சாகரிலிருந்தோ வெள்ளம் வந்தால் சில நாட்களில் அடுக்கு கலைந்துவிடும், அடியில் இருந்தது மேலே வந்துவிடும். வெள்ளத்துக்கு முன்பும் பின்பும் அளக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் அன்றைய நீர்மட்டம், நீர்வரத்து, எந்த மதகு திறந்திருந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.