நாரி நோவும் முள்ளந்தண்டு இணைப்பும்

சின்ன வெட்டுப் போட்டு ஆணி வைத்து, இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்டவைக்கும் சத்திரசிகிச்சைதான் முள்ளந்தண்டு இணைப்பு. அதைச் செய்தால் நாரி நோ போய்விடும் என்று வெள்ளவத்தையில் பலரும் நம்புகிறார்கள். வெறும் நாரி நோ மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள். ஒரு முள்ளெலும்பு முன்னோக்கி வழுக்கி, நரம்பு நசிந்து, நோ காலுக்கு இறங்கும்போதுதான் இதன் பலன் தெளிவாக இருக்கும். குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே அந்த அசைவைக் காட்டும்.

நடுக்கோட்டிலிருந்து 3, 4 செ.மீ. விலகி, இரு பக்கமும் ஏறத்தாழ 3 செ.மீ. வெட்டு. தசையை எலும்பிலிருந்து உரிக்காமல், குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி விலக்குவார்கள். கடைசிக் குழாயின் விட்டம் 22 மி.மீ. அளவில் இருக்கும். அதனூடாக முள்ளெலும்புகளின் பின்பக்க மூட்டு ஒன்றை எடுத்து, அவற்றுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கைச் சுரண்டி, அந்த இடத்தில் எலும்புத் துகள் நிரப்பிய சிறு கூட்டை வைப்பார்கள். பிறகு எக்ஸ்ரே பார்த்தபடி முள்ளெலும்புகளில் 4 திருகாணி, அவற்றை இணைக்க 2 கம்பி.

அந்தச் சுரண்டல்தான் உயிர்நாடி. குருத்தெலும்பு மிஞ்சினால் எலும்பு ஒட்டாது, திருகாணி நாளடைவில் தளரும். மிகையாகச் சுரண்டினால் கூடு எலும்புக்குள் புதையும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட. நிக்கோட்டினும் ஒட்டுதலைக் கெடுக்கும். சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலையும்தான்! சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது 6 கிழமைக்கு முன்பே நிறுத்துங்கள்.

தோல் 2 கிழமையில் ஆறும். எலும்பு ஒட்ட 6 முதல் 12 மாதம். முதல் 3 மாதம் காஸ் சிலிண்டரைத் தூக்கவே வேண்டாம்.