லேக்லாண்டில் தொடங்கும் வர்ணனை

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் பந்தெறியும் பிட்சர்களும், மட்டையாளருக்குப் பின்னால் நின்று அதைப் பிடிக்கும் கேட்சர்களும், பயிற்சிக்காக ஃப்ளோரிடா மாநிலத்தின் லேக்லாண்ட் நகரில் கூடுவார்கள். ஏனைய வீரர்கள் சில நாட்கள் கழித்து வந்து சேர்வார்கள். அந்த அணியின் சொந்த மாநிலமான மிச்சிகனில் இருக்கும் நாங்கள் அந்தச் செய்தியைக் கேட்கும்போது பெரும்பாலும் வாசலில் உறைந்த பனியை மண்வாரியால் ஒதுக்கிக்கொண்டிருப்போம். யாருடைய தோள்பட்டை தேறிவிட்டது, எந்த இளைஞருக்கு அணியில் இடம் கிடைக்கும், எந்த மூத்த வீரரின் காலம் முடியப்போகிறது என்றெல்லாம் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதும். அதே முகாமுக்குக் குறிப்பேடும் பென்சிலுமாக வந்திறங்கும் வானொலி வர்ணனையாளரைப் பற்றி எவரும் அதிகம் எழுதுவதில்லை. வரும் சீசன் முழுவதும் காரிலும் சமையலறையிலும் நான் கேட்கப்போவது அவர் குரலைத்தான் என்பதால், வசந்தகாலப் பயிற்சி முகாமில் அவருக்கு என்னதான் வேலை என்பதை எழுதிவைக்க நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டித்தொடரான பெருலீக்கின் 30 அணிகளில் 15 ஃப்ளோரிடாவிலும் 15 அரிசோனாவிலும் பயிற்சி பெறுகின்றன. பிப்ரவரி இறுதியிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் அவை தமக்குள் புள்ளிக் கணக்கில் சேராத பயிற்சி ஆட்டங்களை ஆடும். அதன்பின் மார்ச் இறுதி முதல் செப்டம்பர் இறுதி வரை ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், ஆறு மாதத்தில் நானூறு மணி நேரத்துக்கு மேல் ஒலிபெருக்கியின் மறுமுனையில் யாராவது பேசியாக வேண்டும். அந்த நேரத்தில் பந்து உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் பொழுது மிகவும் சொற்பம். பிட்சர் மூச்சை இழுத்து விடுவது, கேட்சர் சைகை காட்டுவது, மட்டையாளர் கையுறையைச் சரிசெய்துகொள்வது என்று இடைவெளிகளாலேயே ஆன ஆட்டம் இது. அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனையை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நெருக்கடி எளிதில் விளங்கும். பந்து வரும் வினாடியை நல்ல தொண்டையும் கூர்ந்த கண்ணும் உள்ள எவரும் சமாளித்துவிடலாம். பந்து வராத நேரத்தில் என்ன சொல்வது என்பதில்தான் வர்ணனையாளரின் தரம் தெரியும். அந்த நேரத்துக்கான சரக்கைத்தான் அவர் மார்ச் மாதத்தில் சேகரிக்கிறார்.

சேகரிப்பு பெயர்களிலிருந்து தொடங்குகிறது. பெருலீக் வீரர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். டொமினிக்கன் குடியரசும் வெனிசுவேலாவும் அந்தப் பட்டியலில் முதலிடங்களில் நிற்கின்றன. அச்சடித்த உச்சரிப்புக் குறிப்பு ஒன்று தரப்பட்டாலும், பொறுப்புள்ள வர்ணனையாளர் அந்த வீரரிடமே போய், உங்கள் அம்மா உங்கள் பெயரை எப்படிச் சொல்வார் என்று கேட்டு எழுதிக்கொள்வார். நம் பெயர்களை அமெரிக்க அலுவலகங்களில் தினமும் திருத்திக்கொண்டிருக்கும் நாம் அந்தக் கேள்வியின் மதிப்பை அறிவோம். அடுத்து, குளிர்காலத்தில் யார் எதை மாற்றிக்கொண்டார் என்ற விசாரணை நடக்கும். ஒருவர் புதிதாக ஒரு சுழல்பந்தைக் கற்று வந்திருப்பார். இன்னொருவர் மட்டையைப் பிடிக்கும் உயரத்தைத் தாழ்த்தியிருப்பார். ஏப்ரலில் அந்த மட்டையாளர் பத்து முறை தொடர்ந்து அவுட்டாகும்போது, அதற்குப் பின்னால் ஒரு முயற்சி இருக்கிறது என்று சொல்வதற்கு, பிப்ரவரியில் வலைக்கூண்டின் பின்னால் நின்று பார்த்தவரால்தான் முடியும்.

லேக்லாண்டில் இதற்கு வசதி அதிகம். டைகர்ஸ் அணி 1934 முதல் அங்கேதான் முகாமிட்டு வருகிறது. இரண்டாம் உலகப்போரின்போது பயணக் கட்டுப்பாட்டால் 1943 முதல் 1945 வரை இண்டியானாவின் எவன்ஸ்வில்லுக்குப் போனது மட்டும் விதிவிலக்கு. போர்க்கால விமானிகளுக்குப் பயிற்சியளித்த பழைய விமானத்தளத்தில்தான் இன்றைய டைகர்டவுன் வளாகம் இருக்கிறது. அதை ஒட்டிய ஜோக்கர் மார்ச்சன்ட் அரங்கம் 1966-இல் திறக்கப்பட்டது. காலை வேளையில் பின்பக்கத் திடல்களின் ஓரத்தில் நின்றால், வீரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நடந்து போவதையும், முதுகில் எழுபது, எண்பது என்று எண் தாங்கிய பையன்கள் ஒரே பந்தை, மட்டையாளர் அடித்தபின் முதலில் ஓடிச் சேர வேண்டிய முதல் தளத்துக்கு எறிவதைத் திரும்பத் திரும்பப் பழகுவதையும் பார்க்கலாம்.

அந்தப் பெரிய எண்கள்தான் மார்ச் மாத வர்ணனையாளருக்குத் தலைவலி. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் மாறி மாறி மட்டைபிடிக்கும் ஒன்பது இன்னிங்ஸ் உண்டு. தொடக்க ஆட்டங்களில் முதல் பிட்சர் இரண்டு இன்னிங்ஸோடு ஓய்வெடுத்துக்கொள்வார். ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் முதன்மை வீரர்கள் குளித்துவிட்டு அறைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏழாவது இன்னிங்ஸில் 87 என்ற எண்ணோடு ஒருவர் களத்தின் நடுவில் வந்து நிற்பார். அவர் பெயர் அன்றைய பட்டியலில் இருக்காது. பக்கத்துத் திடலிலிருந்து மதியத்துக்கு மட்டும் அழைத்து வரப்பட்ட இளநிலை அணிக்காரராக இருப்பார். வர்ணனையாளரின் ஸ்கோர் ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரே ஒரு சிறு கட்டம்தான் உண்டு. அதில் மூன்றாவது, நான்காவது பெயரை நுணுக்கி எழுதி, முன்னதை அடித்து, ஓரத்தில் அம்புக்குறி போட்டு, அதே மூச்சில் 6-4-3 என்று, ஒரே பந்தில் இருவர் வெளியேறும் ஓர் இரட்டை அவுட்டையும் குறித்தாக வேண்டும். களத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு என்பதால், இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து இரண்டாம் தளத்துக்காரருக்கும், அவரிடமிருந்து முதல் தளத்துக்காரருக்கும் பந்து போனதை அந்த மூன்று எண்களும் சொல்லிவிடும். பயிற்சி ஆட்டங்களை வெட்டிவேலை என்று கருதுவோர் இந்த ஏட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். வீரர்களுக்கு மார்ச் எப்படியோ, வர்ணனையாளரின் கண்ணுக்கும் கைக்கும் நாவுக்கும் அது அப்படியேதான்.

இந்த முகாமுக்கும் வானொலிக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசினால் மிச்சிகன்காரர்கள் எர்னி ஹார்வெல்லைத் தாண்டிப் போக மாட்டார்கள். ஜார்ஜியாவில் 1918-இல் பிறந்த அவர், 1960 முதல் 2002 வரை, இடையில் ஓர் ஆண்டு நீங்கலாக, டைகர்ஸின் வர்ணனையாளராக இருந்தார். ஆண்டுதோறும் முதல் பயிற்சி ஆட்டத்தின் ஒலிபரப்பை அவர் விவிலியத்தின் உன்னதப்பாட்டு வசனங்களோடு தொடங்குவார்: மாரிக்காலம் கடந்துபோயிற்று, மழை ஓய்ந்துவிட்டது, நிலமெங்கும் பூக்கள் தெரிகின்றன, காட்டுப்புறாவின் குரல் நம் தேசத்தில் கேட்கிறது என்ற பொருள்பட வரும் வரிகள் அவை. ஃப்ளோரிடாவின் வெயிலில் உட்கார்ந்து சொல்லப்பட்ட அந்த வரிகளைக் கேட்டவர்கள் வடக்கே இன்னும் பனிக்குள்தான் இருந்தார்கள் என்றாலும், குளிர்காலம் முடிந்ததற்கு அவர்கள் வானிலை அறிக்கையைவிட அவரையே நம்பினார்கள்.

ஹார்வெல் பெருலீக்குக்கு வந்த கதை விசித்திரமானது. புரூக்ளின் டாட்ஜர்ஸின் வர்ணனையாளர் ரெட் பார்பர் 1948-இல் வயிற்றுப்புண்ணால் படுத்துவிட, அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, அட்லாண்டாவின் இளநிலை அணிக்கு வர்ணனை செய்துகொண்டிருந்த ஹார்வெல்லைக் கேட்டார். அட்லாண்டா உரிமையாளர் அதற்கு ஈடாக ஒரு கேட்சரைக் கேட்டார். கிளிஃப் டாப்பர் என்ற கேட்சர் அட்லாண்டாவுக்குப் போக, ஹார்வெல் புரூக்ளினுக்கு வந்தார். வீரருக்கு ஈடாக மாற்றிக்கொள்ளப்பட்ட வர்ணனையாளர் வேறு எவரும் இல்லை.

அவருடைய வர்ணனையில் ஒரு சிறு குறும்பு உண்டு. ஆட்ட எல்லைக்கோட்டுக்கு வெளியே அடிக்கப்பட்டு பார்வையாளர் பகுதிக்குள் விழும் ஃபவுல் பந்தை யாராவது பிடித்தால், பிடித்தவர் இப்சிலாண்டியைச் சேர்ந்த ஒரு மனிதர் என்றோ, கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து வந்தவர் என்றோ ஊர்ப்பெயரோடு சொல்வார். அவருக்கு அது தெரிய வழியே இல்லை, அத்தனையும் கற்பனை. இருந்தும் தத்தம் ஊர்ப்பெயர் வரும் நாளுக்காக மிச்சிகன் முழுவதும் மக்கள் காத்திருந்தார்கள். மாநிலத்தின் ஊர்களையெல்லாம் ஆட்டத்துக்குள் இழுத்துவர இதைவிடச் சிக்கனமான உத்தி இருக்க முடியாது என்பது என் கருத்து. அவரை 1991 சீசனோடு விலக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது எழுந்த எதிர்ப்பு அடங்கவே இல்லை. 1993-இல் அவர் திரும்பி வந்தார். 2010 மே மாதம் அவர் காலமானபோது, அவர் உடல் டெட்ராய்ட் அரங்கிலேயே வைக்கப்பட்டு, பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று வணங்கிச் சென்றார்கள்.

முகாமுக்குப் போன வர்ணனையாளர்கள் எல்லோரும் பேஸ்பாலோடு திரும்பியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அயோவாவின் டெ மொயின் நகர வானொலியில் தந்திச் செய்திகளை வைத்துக்கொண்டு சிகாகோ கப்ஸ் அணியின் ஆட்டங்களை நேரில் பார்ப்பதுபோல வர்ணித்துவந்த இளைஞர் ஒருவர், 1937-இல் அந்த அணியின் பயிற்சி முகாமைப் பற்றிச் சொல்வதற்காகக் கலிபோர்னியாவுக்குப் போனார். போன இடத்தில் ஒரு திரைப்பட நிறுவனத்தின் தேர்வுக்குப் போய் நடிகரானார். பின்னாளில் அமெரிக்க அதிபரும் ஆன ரொனால்ட் ரேகன் அவர். முகாமில் அவர் என்ன குறிப்பெடுத்தாரோ!

இதற்கு நேர்மாறானவர் ஹைமே ஹரின். ஈக்வடாரிலிருந்து வந்த அவருக்கு இந்த ஆட்டம் அதிகம் பழக்கமில்லை. டாட்ஜர்ஸ் 1958-இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தபோது, ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள ஓராண்டு எடுத்துக்கொண்டு, 1959-இல் ஸ்பானிய வர்ணனையில் சேர்ந்து, 2022 வரை அந்த இருக்கையில் இருந்தார். ஒரு வர்ணனையாளர் கற்றுக்கொள்ள எடுத்துக்கொள்ளும் காலம் எப்படிப் பலன் தரும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தெரியவில்லை.

அண்மைக் காலத்தில் விதிகளே மாறிவருவதால் முகாமின் தேவை இன்னும் கூடியிருக்கிறது. பந்தெறிவதற்கு நேரக்கட்டுப்பாடு 2023-இல் வந்தது. தளங்களில் ஓட்டக்காரர் யாரும் இல்லாவிட்டால் பிட்சருக்கு 15 வினாடிகள் மட்டுமே. 2022-இல் மூன்று மணி நான்கு நிமிடமாக இருந்த சராசரி ஆட்ட நேரம் மறு ஆண்டே இரண்டு மணி நாற்பது நிமிடமாகக் குறைந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 25 அன்று, அட்லாண்டா பிரேவ்ஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதிய பயிற்சி ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் தளங்கள் நிரம்பியிருக்க, மட்டையாளர் கால் கான்லி உரிய வினாடிக்குள் தயாராகவில்லை என்று நடுவர் மூன்றாவது ஸ்ட்ரைக்கை, அதாவது அவுட்டை, அறிவித்துவிட்டார். பந்தே எறியப்படாமல் ஆட்டம் 6-6 என்று முடிந்தது. கான்லியோ, நான்கு தவறான பந்துகளுக்காக முதல் தளத்தை இலவசமாகத் தரும் ‘நடை’ கிடைத்து வென்றுவிட்டோம் என்றெண்ணி முதல் தளத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். இப்படியொரு முடிவை வானொலியில் எப்படிச் சொல்வது என்ற சோதனை, அதிர்ஷ்டவசமாக, ஒன்றுக்கும் உதவாத ஒரு பிப்ரவரி ஆட்டத்தில் வந்தது.

நேரக்கட்டுப்பாடு வந்ததால் கதை சொல்லும் கலை செத்துவிட்டது என்று புலம்புவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. முன்பு ஒரு வீரரின் சிறுவயதுக் கதையை ஆற அமர மூன்று மட்டையாளர்களுக்கு நீட்டலாம். இப்போது அதே கதையை இரண்டு பந்துகளுக்கு நடுவே முடிக்க வேண்டும். அதற்குத் தேவை கூடுதல் தயாரிப்பு. முகாமில் கேட்ட நாற்பது செய்திகளில் எந்த நான்கு, இரண்டே வாக்கியத்தில் நிற்கும் என்று தேர்ந்துகொள்பவர் பிழைத்துக்கொள்கிறார்.

இந்த 2026 சீசனில் இன்னொரு மாற்றம் வருகிறது. அடிக்காமல் விட்ட பந்து எல்லைக்குள் வந்த ‘ஸ்ட்ரைக்’கா, வெளியே போன ‘பால்’ஆ என்ற நடுவரின் தீர்ப்பை, மட்டையாளரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டிக் காட்டி உடனே கருவியிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்புகள்; முறையீடு சரியென்றால் வாய்ப்பு கழிக்கப்படாது. கருவி கணிக்கும் எல்லை ஒவ்வொரு மட்டையாளரின் உயரத்தையும் பொறுத்தது: கீழ்வரம்பு உயரத்தில் 27 விழுக்காடு, மேல்வரம்பு 53.5 விழுக்காடு. தொலைக்காட்சியில் இதைப் படமாகக் காட்டிவிடுவார்கள். வானொலியிலோ, யார் தட்டினார், எத்தனை வாய்ப்பு மிச்சம், பந்து எல்லையை எவ்வளவு தவறவிட்டது என்ற மூன்றையும் ஒரு மூச்சில் சொல்ல வேண்டும். அது மட்டுமல்லாமல், வர்ணனையாளர் தாமே, அது நல்ல ஸ்ட்ரைக், நடுவர் தவறிவிட்டார் என்று அடித்துச் சொன்ன பத்தாவது வினாடியில் கருவி அவரைப் பொய்யாக்கக்கூடும். 2025 முகாமில் இது வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது என்பதால் சிலருக்காவது பழக்கமிருக்கும். மார்ச் 5 முதல் 17 வரை உலக பேஸ்பால் கிளாசிக் போட்டி நடக்கவிருப்பதால், முன்னணி வீரர்கள் பலர் முகாமில் பாதி நாட்கள் இருக்க மாட்டார்கள் என்பது கூடுதல் சிக்கல்.

செலவைக் குறைப்பதற்காக வர்ணனையாளர்களை வெளியூர் ஆட்டங்களுக்கு அனுப்பாமல், உள்ளூரிலேயே திரையைப் பார்த்துப் பேசவைக்கும் பழக்கம் 2020 பெருந்தொற்றுக் காலத்தில் பரவியது. சில இடங்களில் அது நிலைத்தும் விட்டது. கேமரா காட்டாத இடத்தில் களக்காப்பாளர் எங்கே நிற்கிறார் என்பதைத் திரையைப் பார்ப்பவரால் சொல்ல முடியாது. அதே கத்தரி பயிற்சி முகாமின் மீதும் விழுந்தால், மிச்சமாகும் விமானக் கட்டணத்தைவிடப் பெரிய இழப்பு கேட்பவர்களுக்கு.

எந்தப் பயிற்சி ஆட்டத்தைக் கேட்கலாம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முதல் ஆட்டத்தை ஆசைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மார்ச் மூன்றாம் வாரத்து ஆட்டம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள் என்பேன். அதற்குள் முதல் பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் வரை எறியத் தொடங்கியிருப்பார், எண்பதுகளில் எண் தாங்கிய பையன்கள் இளநிலை முகாமுக்குத் திரும்பியிருப்பார்கள், வர்ணனையாளரும் பட்டியலைப் பார்க்காமல் பெயர்களைச் சொல்லத் தொடங்கியிருப்பார். ஒரு வீரரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டு, அது இருக்கட்டும், ஏப்ரலில் சொல்கிறேன் என்று அவர் நிறுத்திக்கொள்வாரானால், அந்த ஆண்டு அவரை நம்பிக் காரில் வானொலியைத் திருப்பலாம்.