அம்மா சொன்ன அசதி

முந்தாநாள் சித்தி போன்ல பேசிட்டு இருக்கும்போது "இப்பெல்லாம் ரொம்ப அசதியா இருக்குது கண்ணு, ரத்தம் 9 தான் இருக்குதாம், டானிக் எழுதிக் குடுத்திருக்காங்க, வயசாச்சுல்ல"ன்னு சாதாரணமா சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்டாங்க. எனக்கு அதுக்கப்புறம் அவங்க சொன்னது எதுவும் காதுல ஏறல. இதே அசதிய எங்கம்மா 3 வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரிதான் சொன்னாங்க.

அம்மாவுக்கு அப்போ 58. நான் ஊருக்குப் போயிருந்தப்போ ஒரு நாள் துணி காயப்போட மாடிக்குப் போனவங்கள காணோமேன்னு போய்ப் பாத்தா, நாலாவது படியில பக்கெட்ட வெச்சுட்டு சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காங்க, உதடு வெளுத்துப் போயிருக்கு. "என்னமோ தெரியல கண்ணு, கால் எந்திரிக்க மாட்டேங்குது"ன்னாங்க. வலி இல்ல, காய்ச்சல் இல்ல, வயித்துல ஒரு தொந்தரவும் இல்ல. ரத்தம் டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 7.8. பொம்பளைங்களுக்கு 12க்கு மேல இருக்கணும்.

இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், மாதுளைன்னு ஆரம்பிச்சோம். 9.2க்கு ஏறுச்சு, சந்தோஷமா மாத்திரைய நிறுத்தினோம், மறுபடி 8க்கு வந்துருச்சு, மறுபடி மாத்திரை. இப்படியே 8 மாசம். குடத்துல தண்ணி குறையக் குறைய ஊத்திட்டே இருந்தோமே தவிர ஓட்டை எங்கன்னு யாரும் பாக்கல, பாத்துட்டு இருந்த டாக்டரும் பாக்கல, நானும் கேக்கல. அந்த 8 மாசத்த நெனச்சா இப்பவும் எனக்கு மனசு ஆறாது.

அப்புறம் வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம், சின்ன வயசுப் பொண்ணுதான், ரிப்போர்ட்ட பாத்ததும் கேட்ட முதல் கேள்வியே "அம்மாவுக்கு பீரியட்ஸ் நின்னு எத்தனை வருஷம் ஆச்சு?" 7 வருஷம்னு சொன்னோம். "அப்போ இந்த ரத்தம் எங்க போகுது?"ன்னாங்க. அவ்வளவுதான். மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கும் ஆம்பளைங்களுக்கும் இரும்புச்சத்து குறைஞ்சு ரத்தசோகை வந்தா, குடல்ல எங்கயாவது கசியுதான்னு மேல வாய் வழியாவும் கீழ ஆசனவாய் வழியாவும் ஸ்கோப்பி, அதாவது கேமரா வெச்ச குழாய விட்டுப் பாக்கணும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். பண்ணாங்க. வலது பக்க பெருங்குடல்ல கட்டி, கேன்சர்.

வயித்துல ஒண்ணுமே தெரியலயே டாக்டர், மலத்துல ரத்தமே பாக்கலயேன்னு கேட்டோம். வலது பக்கம் குடல் அகலமா இருக்கும், அங்க மலம் இன்னும் தண்ணியாத்தான் இருக்கும், அதனால கட்டி வளந்தாலும் அடைப்பு சீக்கிரம் வராது, ரத்தம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவுல தினமும் கசிஞ்சுட்டே இருக்கும்னாங்க. இடது பக்கம்னா மலச்சிக்கல், ரத்தம்னு கொஞ்சம் முன்னாடியே காட்டிக்குடுக்கும். போதாததுக்கு இரும்பு மாத்திரை சாப்பிட்டா மலம் கருப்பாத்தான் போகும், அதனால கருப்பா போறத பாத்தும் மாத்திரைதான்னு விட்டுட்டோம். ஆக வெளிய தெரிஞ்ச ஒரே அறிகுறி அம்மா சொன்ன அந்த அசதிதான்.

அசதியா இருக்கறவங்க எல்லாருக்கும் கேன்சர்னு நான் சொல்ல வரல, தயவுசெஞ்சு யாரும் பயந்துக்காதீங்க. முக்கால்வாசிப் பேருக்கு தைராய்டு, சுகர், தூக்கமின்மை, சாப்பாடு, வேலைப்பளுன்னு ஏதாவது ஒரு காரணம்தான் இருக்கும். ஆனா காரணம் என்னன்னு பாக்காமலே வயசு மேல பழியப் போடறதுதான் தப்பு.

ஆபரேஷன் பண்ணாங்க, பக்கத்துல நெறிகட்டியிலயும் (நிணநீர் முடிச்சு) கேன்சர் இருந்ததால கீமோ. 3 வாரத்துக்கு ஒரு தடவை டிரிப், நடுவுல 14 நாள் மாத்திரை, மொத்தம் 8 சுத்து, கிட்டத்தட்ட 6 மாசம். அந்த மருந்தால ஃபிரிட்ஜ தொட்டா கை சுருக்குன்னு ஊசி குத்தற மாதிரி இருக்கும்னு அப்பாதான் காய் எடுத்துக் குடுப்பாரு. அதெல்லாம் எதிர்பாத்ததுதான். எதிர்பாக்காதது எதுன்னா, எல்லாம் முடிஞ்சு ஸ்கேன் கிளீனா வந்து ஹீமோகுளோபினும் 11.8க்கு ஏறினதுக்கப்புறமும் அம்மாவுக்கு அசதி போகவே இல்ல. "ராத்திரி பூரா தூங்கி எந்திரிச்சாலும் நெல்லு மூட்டை தூக்குன மாதிரியே இருக்குது"ன்னாங்க. ரசத்துக்கு உப்பு போட்டமா இல்லயான்னு அடுப்புகிட்ட நின்னு யோசிச்சுட்டே இருப்பாங்க. சொந்தக்காரங்க வந்து "அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இன்னும் என்ன படுக்கை"ன்னு கேட்டுட்டுப் போவாங்க, அன்னைக்கு ராத்திரி அம்மா யாருக்கும் தெரியாம அழுவாங்க. கேன்சர் திரும்பி வந்துடுச்சோன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறும்.

கேன்சர் டாக்டர்கிட்ட இத சொல்லவே அம்மா கூச்சப்பட்டாங்க, உசுரக் காப்பாத்துனவங்ககிட்ட போய் அசதின்னு எப்படி சொல்றதுன்னு. நான்தான் சொன்னேன். அவர் உடனே அசதி எவ்வளவுன்னு 0ல இருந்து 10க்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கம்மான்னாரு. அம்மா 7ன்னாங்க. 4ஓ அதுக்கு மேலயோ இருந்தாலே நாங்க கவனிச்சாகணும், இதுவும் வியாதியோட சேந்ததுதான், சோம்பேறித்தனம் இல்லன்னு சொன்னப்போ அம்மா மொகத்த பாக்கணுமே. காய்ச்சல் வந்தா உடம்பு நம்மள படுக்கப் போடுதுல்ல, அப்போ உடம்புல சுரக்கற அதே மாதிரி அழற்சிப் பொருளுங்கள கேன்சரும் கிளப்பி விடும், கீமோவும் ரேடியேஷனும் கூட கிளப்பி விடும், சில பேருக்கு அது மாசக்கணக்குல, ஏன் வருஷக்கணக்குல கூட அடங்காதுன்னு விளக்கினாரு. அது மட்டும் இல்ல, தசை கரைஞ்சு போறது, வலி, தூக்கம் கெடறது, மனச்சோர்வு எல்லாம் அது மேல ஏறி உக்காந்துக்கும். அதனால தைராய்டு, பி12, ரத்தம் எல்லாம் திரும்ப ஒரு தடவை பாத்தாங்க, சரி பண்ண முடியற காரணம் எதுவும் விட்டுப் போகக்கூடாதுன்னு.

அசதிக்குக் காரணம்னு சொல்ற மாதிரி எதுவும் இல்ல. அப்புறம் அவர் சொன்னதுதான் எங்களுக்கு ஆச்சரியம்: படுக்காதீங்க, நடங்க. நாங்க அதுவரைக்கும் அம்மாவ ஒரு டம்ளர் கூட கழுவ விடாம படுக்க வெச்சிருந்தோம், பாசத்துலதான், ஆனா படுக்கப் படுக்க தசை இன்னும் கரைஞ்சு அசதி கூடிட்டேதான் போயிருக்கு. வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படிச்சேன், 2017ல ஜாமா ஆன்காலஜிங்கற இதழ்ல 113 ஆய்வுகள, 11,000 பேருக்கு மேல, ஒண்ணா சேத்துப் பாத்திருக்காங்க, மருந்துங்கள விட உடற்பயிற்சியும் கவுன்சிலிங்கும்தான் இந்த அசதிய நல்லா குறைச்சிருக்கு. ஆனா ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கறவங்க, எலும்புல கேன்சர் பரவினவங்க எல்லாம் டாக்டர்கிட்ட கேக்காம ஆரம்பிக்காதீங்க.

முதல் நாள் வாசல்ல இருந்து முக்குல இருக்கற பிள்ளையார் கோயில் வரைக்கும்தான், 5 நிமிஷம், திரும்பி வரும்போது ரெண்டு எடத்துல உக்காந்தாங்க. மாவாட்டறது, துணி துவைக்கறது ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சுக்கக் கூடாதுன்னு அப்பா ரூல் போட்டாரு. தினசரி காலண்டர்ல கிழிக்கறதுக்கு முன்னாடி அன்னைக்கு நம்பர பென்சில்ல எழுதிட்டு அந்தத் தாள கிளிப்புல மாட்டி வெச்சாங்க. 7, 7, 6, 8, 6ன்னுதான் போச்சு, ஒரேயடியா எறங்கல. நல்லா இருக்கற அன்னைக்கு எல்லா வேலையும் இழுத்துப் போட்டு செஞ்சா அடுத்த ரெண்டு நாள் 8தான்னு அந்தத் தாளுங்கள பாத்துத்தான் அவங்களே கண்டுபிடிச்சாங்க. 5 மாசத்துல அரை மணி நேரம் நடக்க ஆரம்பிச்சாங்க. இப்போ பெரும்பாலும் 3, சில நாள் 5.

சித்தி விஷயத்த நேத்து அம்மாகிட்ட சொன்னேன். சித்திக்கு 61. அம்மா ஒண்ணும் பேசாம போன எடுத்து அவங்களே பேசினாங்க, "அம்மிணி, பழைய ரத்த ரிப்போர்ட்டெல்லாம் எடுத்து வை, வெள்ளிக்கிழமை நானும் கூட வாரேன், ரத்தம் எங்க போகுதுன்னு கேட்டுட்டு வந்துரலாம்."