தண்டவாளம் போடுகிறவனின் விதிகள்

பிளாக் எனப்படும் கனசதுரங்களால் ஆன உலகத்தில் தோண்டியும் கட்டியும் ஆடும் கணினி விளையாட்டு மைன்கிராஃப்ட். அதற்கு முடிவு என்று ஒன்று இருப்பதையே அதை ஆடுபவர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள். 2011 நவம்பரில் முழுப் பதிப்பு வெளியானபோதே கடைசி எதிரியான எண்டர் டிராகனும் அதில் இருந்தது. அதைக் கொன்றுவிட்டால் திரையில் நீண்டதோர் உரையாடல் ஓடும், உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடும், அதன்பின் கடைசியாகப் படுத்த கட்டிலின் அருகே கண்விழிப்போம். வெளியே நாம் வளர்த்த மாடுகள் முன்புபோலவே மேய்ந்துகொண்டிருக்கும். இனி என்ன செய்யவேண்டும் என்று விளையாட்டு ஒரு வார்த்தையும் சொல்லாது.

இந்த இடத்தில்தான் ஆடுபவர்கள் இரண்டாகப் பிரிவதாக எனக்குத் தோன்றுகிறது. "பெரிய கோட்டை ஒன்று கட்டவேண்டும்" என்று இலக்கு வைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் மூன்று சுவர்கள் எழும்பியதும் அந்த உலகத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். "இந்தப் பள்ளத்தாக்கில் கிடைப்பதைத் தவிர வேறெதையும் பயன்படுத்தமாட்டேன்" என்று தமக்குத் தாமே தடை விதித்துக்கொள்பவர்களோ ஆண்டுக்கணக்கில் அதே உலகத்தில் இருக்கிறார்கள். இஷ்டம்போல் ஆடவிடும் இத்தகைய சேண்ட்பாக்ஸ் விளையாட்டில் இலக்கை உயிரோடு வைத்திருப்பது நாம் எதை அடைய நினைக்கிறோம் என்பதல்ல, எதை வேண்டாம் என்று ஒதுக்குகிறோம் என்பதே. தடை இல்லாத இலக்கு வெறும் வேலைப் பட்டியலாகிவிடுகிறது.

இப்போது நான் ஆடும் உலகத்தின் விதிகள் நான்கு. எலைட்ரா சிறகு கட்டிப் பறக்கக்கூடாது. நெதர் என்ற பாதாள உலகுக்குள் ஒரு பிளாக் நடந்தால் வெளியுலகில் எட்டு பிளாக் கடந்ததாகும் என்ற குறுக்குவழியையும் தொடக்கூடாது. தொலைதூர இடங்களுக்குத் தண்டவாளம் போட்டு மைன்கார்ட் என்ற சுரங்க வண்டியில்தான் போகவேண்டும். அந்தத் தண்டவாளத்துக்காக மலையைக் குடையவும் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றையும் மாற்றியது. மைன்கிராஃப்ட்டில் ஒரே தண்டவாளத் துண்டு ஏறவும் வளையவும் முடியாது. மைன்கார்ட்டுக்கு வேகம் கொடுக்கும் பவர்டு ரெயில் வளையவே வளையாது. எனவே சரிவில் ஏறிக்கொண்டே திரும்ப நினைத்தால், ஏறி, ஒரு பிளாக் சமதளத்தில் வளைந்து, மறுபடி ஏறவேண்டும். ஏற்றத்தில் இழந்த வேகத்தை அடுத்த நேர்த்துண்டிலேயே மீட்டாகவேண்டும். சமவெளியில் 30-க்கும் மேற்பட்ட பிளாக்குகளுக்கு ஒரு பவர்டு ரெயில் போதும் என்றால், மலைப்பாதையில் அவற்றை மிக நெருக்கமாகப் பதிக்கவேண்டியிருக்கிறது. ஆறு தங்கக் கட்டிகள், ஒரு குச்சி, ஒரு சிட்டிகை ரெட்ஸ்டோன் என்ற சிவப்புத் தூள் சேர்த்தால் ஆறு பவர்டு ரெயில்கள்தான் கிடைக்கும். ஆகவே ஒரு மலையின் சரிவைப் பார்த்ததும் அதன் அழகுக்கு முன்னால் அது விழுங்கப்போகும் தங்கம்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது. பறந்து போனவரை எல்லா மலையும் எனக்கு ஒன்றுதான். இன்று எந்தக் கணவாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று வரைபடம் இல்லாமலே சொல்வேன்.

சாதாரணத் தண்டவாளம் மலிவானது. ஆறு இரும்புக் கட்டிகளும் ஒரு குச்சியும் பதினாறு துண்டுகளைத் தரும். 1000 பிளாக் நீளத்துக்கு ஏறத்தாழ 375 இரும்புக் கட்டிகள். இங்கேதான் சட்டச் சிக்கல் எழுந்தது. விளையாட்டில் வரும் கிராமவாசிகளை ஓர் அறையில் அடைத்து, ஸோம்பி ஒன்றைக் காட்டிப் பயமுறுத்தினால், அவர்களைக் காப்பதற்காக இரும்புக் கோலெம் என்ற காவல் பூதங்கள் தோன்றிக்கொண்டே இருக்கும். அவற்றைக் கொன்று இரும்பு எடுக்கும் பண்ணைகளை ஆடுபவர்கள் வெகுகாலமாகக் கட்டிவருகிறார்கள். என் விதிகளில் இதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் கட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். காரணம் அறம் அல்ல (கிராமவாசிகளின் அலறல் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது என்பது வேறு). இரும்பு தானாக வந்து குவிந்தால் எந்த ஊருக்கு முதலில் பாதை போடுவது என்று யோசிக்கவேண்டிய தேவையே போய்விடும்; அந்த யோசனைதான் என் விளையாட்டு.

தனக்குத் தானே விதித்துக்கொண்ட தடைக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்க யூடியூபர் கர்ட் மேக். பழைய மைன்கிராஃப்ட்டில் மையத்திலிருந்து 1,25,50,821 பிளாக்குகளுக்கு அப்பால் நிலத்தை உருவாக்கும் கணக்கு உடைந்துபோய், பூமி பிரம்மாண்டமான துளைச்சுவராக எழுந்து நிற்கும். ஃபார் லேண்ட்ஸ் என்று பெயர் பெற்ற அந்த எல்லையை நோக்கி 2011 மார்ச்சில் அவர் நடக்கத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பீட்டா 1.8 என்ற சோதனைப் பதிப்பு ஃபார் லேண்ட்ஸை நீக்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஓடும் வசதியைக் கொண்டுவந்ததும் அதே பதிப்புதான். ஓடலாம், ஆனால் ஓடிச் சேர இடமில்லை. மேக் பீட்டா 1.7.3-லேயே தங்கி நடந்தார். நொடிக்கு 4.3 பிளாக் என்ற நடைவேகத்தில், நில்லாமல் நேர்கோட்டில் போனாலே ஏறத்தாழ 800 மணி நேரம் பிடிக்கும் தூரம் அது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதையும் அவர் தினமும் பார்ப்பதில்லை. குழந்தைகள் நல அறக்கட்டளை ஒன்றுக்காகத் திரட்டும் நன்கொடை குறித்த தொகையைத் தொட்டால்தான் திரையில் தூரத்தைத் திறந்து பார்ப்பார். நடக்கிற விதியைவிட, பார்க்காமலிருக்கிற இந்த விதிதான் என்னை வியக்கவைத்தது.

இத்தகைய விதிகளை விளையாட்டு நிறுவனங்களும் கவனிக்காமல் இல்லை. ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் பிறரோடு வணிகம் செய்யாமல் எல்லாவற்றையும் தானே ஈட்டி ஆடுவது முதலில் சிலரின் சொந்தக் கட்டுப்பாடாக இருந்தது. 2014-இல் அயர்ன்மேன் என்ற பெயரில் அது அதிகாரபூர்வ முறையானது, பெயரின் பக்கத்தில் தலைக்கவசச் சின்னமும் வந்தது. தொழிற்சாலை கட்டும் விளையாட்டான ஃபேக்டோரியோவில் கையால் 111 பொருள்களுக்கு மேல் செய்யாமல் விளையாட்டை முடித்தால் அதற்கென்றே ஒரு சாதனை விருது உண்டு. இவை நல்லவைதான். இருந்தாலும் சின்னம் கிடைத்த கணத்தில் அந்த விதி இன்னொருவருடையதாகிவிடுகிறது. அதை நடுவழியில் திருத்திக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. ஆடுபவர்களைச் சாதிப்பவர், தேடுபவர், பழகுபவர், கொல்பவர் என்று விளையாட்டு ஆய்வாளர் ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் வகுத்த பிரிவுகளும் எனக்கு ஓரளவுக்குத்தான் உதவுகின்றன. ஒரே ஆள் ஓர் உலகத்தில் தேடுபவராகவும் இன்னோர் உலகத்தில் கணக்குப்பிள்ளையாகவும் இருக்கமுடியும். அதைத் தீர்மானிப்பது அந்தந்த உலகத்தில் அவர் வைத்துக்கொண்ட விதி.

என் உலகத்தில் சில வேளைகளில் அக்கா மகனும் வந்து ஆடுகிறான். அவனுக்கு இதெல்லாம் வீண் பிடிவாதம். "யாரும் பார்க்கப்போறதில்ல மாமா, பறந்து போயிட்டு வாங்களேன்" என்பான். அவனுக்கு எலைட்ரா உண்டு, நான் தடுக்கவில்லை. எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் மட்டும் இருக்கிறது: அவன் எங்கு வேண்டுமானாலும் பறக்கலாம், ஆனால் புதிதாகக் கண்ட இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று என்னிடம் சொல்லக்கூடாது. சென்ற வாரம் மேற்குக் கரையில் பாதை கடலைத் தொட்டுவிட்டது. மலையைக் குடையக்கூடாது என்ற விதி கடல்மேல் பாலம் கட்டுவதையும் தடுக்கிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை. தடுக்கவில்லை என்பது அவன் வாதம். அந்தப் பாலத்துக்கான கல்லை வேறு எந்த மலையிலிருந்து எடுப்பது என்பது என் கேள்வி.